அக்கறை சார்

"கழுத்தை ஆட்டாதீங்க. முடிச்சு கோணிட்டுப் போகுது!"

மனைவி டையை மேலே ஏற்றினாள். கண்ணாடி முன் நின்றிருந்த மேனேஜருக்கு மூச்சு முட்டியது. வாசலில் கம்பெனி கார் இரண்டாவது தடவையாக ஹாரன் அடித்தது.

"கார் கத்திட்டுக் கிடக்கட்டும். நீ பாடத்தைச் சொல்லு. சீக்கிரம், சீக்கிரம்!"

"துணி வெட்டறவர். மூத்த பையன் டிரைவிங் டெஸ்ட்ல மறுபடியும் கோட்டை விட்டுட்டான்."

"துணி வெட்டறவர். பையன். கோட்டை."

"கோட்டை விட்டதைக் கேக்காதீங்க. அடுத்த தடவை பாஸ் பண்ணிடுவான்னு சொல்லுங்க."

"பாஸ் பண்ணிடுவான். அப்புறம்?"

"பேக்கிங் அம்மா. மகளுக்குக் குழந்தை பொறந்திருக்கு, பொண்ணு. கேட் வாட்ச்மேன், முழங்கால் வலி, வலது கால்."

"பேக்கிங் அம்மாவுக்கு வலது கால். வாட்ச்மேனுக்குப் பொண்ணு குழந்தை."

"சுத்தம்!" என்றாள் அவள். "வாட்ச்மேன் காதுல விழுந்தா இன்னொரு காலும் போயிடும். மறுபடி சொல்லுங்க."

அந்த வீட்டில் தினமும் நடக்கும் காலைப் பாடம் இது. டீச்சர், மனைவி. மாணவர், ஒரு குடை ஃபேக்டரியையே கட்டி மேய்க்கும் மேனேஜர். டை முடிச்சு தொண்டைக் குழிக்கு வந்து உட்கார்வதற்குள், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் ஏறியாக வேண்டும். அவள் சொல்வாள். அவர் திருப்பிச் சொல்வார். ஒரே ஒரு தடவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார். வியர்வையில் மாமியார் அழிந்து காய்ச்சல் மட்டும் மிஞ்ச, கல்லு மாதிரி இருந்த ஒரு மனிதனைப் பிடித்து, "உடம்பு எப்படிப்பா இருக்கு? ஏன்பா வேலைக்கு வந்தே?" என்று உருகித் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து எழுதுவதில்லை.

விஷயங்களைச் சேர்ப்பது அவள் வேலை. பஸ் ஸ்டாப்பில், மார்க்கெட்டில், டாக்டர் வீட்டு வரிசையில், சாயங்காலம் யார் வீட்டு வாசலிலாவது. ஃபேக்டரி ஜனங்கள் அவளை அக்கா என்பார்கள். ஒன்றையும் மறைக்க மாட்டார்கள். பிறந்த நாள் வந்தால் கேக் செய்வதும் அவள்தான். கொண்டுபோய் வெட்டச் சொல்லிக் கைதட்டுவது அவர். "எங்க சாருக்கு எவ்வளவு அக்கறை!" என்று முதலில் வியந்தவர்கள், கொஞ்ச நாளில் அதையே பட்டப் பெயராக்கிவிட்டார்கள். அக்கறை சார்.

அவள் சும்மா வீட்டோடு கிடந்தவள் அல்ல. தொழிலாளர் நலம் படித்துப் பட்டம் வாங்கியவள். போன வருஷம் கம்பெனியில் நல அலுவலர் வேலைக்கு ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு வந்தபோது, "நான் மனு போடட்டுமா?" என்று கேட்டாள்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதைத்தான் நீ வீட்டுல இருந்தே செய்யறியே! அங்க வந்து நாற்காலியைத் தேய்க்கணுமா?"

மறுநாளே தலைமை ஆபீசுக்குப் போனார். அந்தப் பதவியே தேவையில்லை, அதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு ஆள் மிச்சம் என்று முதலாளியம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இப்படித்தான் மனைவிக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை மனைவிக்கே கிடைத்தது. பதவி மட்டும் அவருக்கு.

இன்றைக்கு அந்தச் சந்தோஷம் முற்றிப் பழுக்கும் நாள். மற்ற கிளைகளின் மேனேஜர்களைக் கூட்டிக்கொண்டு முதலாளியம்மா வருகிறார். ஆட்களிடம் மனசு வைத்து வேலை வாங்குவது எப்படி என்று அவர்களுக்கு இவர் பாடம் நடத்த வேண்டும். அப்புறம் வரிசையாக நடந்து, ஒவ்வொருவரிடமும் வீட்டு நிலவரம் விசாரித்துக் காட்ட வேண்டும். அந்த நடை நன்றாக நடந்தால் எல்லாக் கிளைகளுக்கும் இவர்தான் தலைவர். முதலாளியம்மா முக்கால்வாசி சொல்லியே விட்டார்.

"கைப்பிடி மாட்டற பையனுக்கு இன்னிக்குப் பொறந்த நாள். கேக் ரெடி," என்றாள்.

"கைப்பிடி. கேக். நீயே எடுத்துட்டு என் பின்னாடியே வா. பேசாம வரணும், தெரியுதா? அப்புறம், போன் கீன் பண்ணித் தொலைக்காதே. சனிக்கிழமை ஒத்திகை நடுவுல ரெண்டு தடவை அடிக்கறே! மானம் போச்சு."

"பண்ணல."

"போன வாரம் பூரா ராத்திரிச் சாப்பாடும் லேட்டு. எங்கதான் இருக்கு உனக்கு நினைப்பு?" டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஆங், மறந்தே போச்சு. அந்த முனைக்காரி. அவ அம்மாவுக்கு முடியலைன்னு சொன்னியே. அதைக் கேக்கலாமா?"

காலரை மடித்துவிட்ட அவள் கை அப்படியே நின்றது.

"சொன்னேன்."

"கேக்கலாமான்னு கேட்டேன்."

"கேளுங்க," என்றாள். "வேற யாரை விட்டாலும் அவளை விட்டுடாதீங்க. கண்டிப்பா கேளுங்க."

குடைத் துணியின் ஓரத்தை ஒவ்வொரு கம்பியின் முனையோடும் ஊசியால் தைத்துப் பிடிக்கிற வேலை அவளுக்கு. அதனால் முனைக்காரி. வாயில் நூல், விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். போன வாரம் டாக்டர் கையை விரித்துவிட்டார். கூட இருந்து பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார். அவள் மேனேஜர் அறைக்கு வந்து நின்றாள்.

"சார், ஒரு வாரம் லீவு வேணும் சார். அம்மா இருக்க மாட்டாங்க."

"ச்சே ச்சே! அப்படியெல்லாம் பேசலாமா? நம்பிக்கைதான்மா மருந்து."

"சார், லீவு…"

"மழைக்கு முன்னாடி சரக்கு போயாகணும். உனக்கே தெரியும். நான் உன்னை வேலைக்காரியா பார்க்கலம்மா. குடும்பமா பார்க்கறேன். குடும்பத்துல யாராவது லீவு கேப்பாங்களா?"

அன்று சாயங்காலம் மனைவியும் கேட்டுப் பார்த்தாள். "ரெண்டு நாளாவது விடுங்களேன். செத்துட்டிருக்கிற அம்மாங்க."

"ஒருத்திக்கு விட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு அம்மாவைக் கொண்டுவந்து காட்டுவாங்க. நீ ஒரு கேக் போடு. 'சீக்கிரம் குணமாகுங்கள்'னு எழுதிடு."

தண்ணீரே தொண்டையில் இறங்காத ஒரு கிழவிக்குக் கேக் போனது. அதை முனைக்காரி வாங்கிக்கொண்டபோது எடுத்த படம் ஃபேக்டரி நுழைவாயிலில் தொங்குகிறது. படத்தில் மேனேஜர் சிரிக்கிறார். அவள் ஊசியைக் கையிலிருந்து கீழே வைக்கக்கூட நேரம் கொடுக்கப்படவில்லை என்பது உற்றுப் பார்த்தால் தெரியும்.

கார் மூன்றாவது தடவை ஹாரன் அடித்தது.

*

ஃபேக்டரிக் கூடத்தில் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே, கடைசி மேசையில் குடைகளை விரித்துப் பார்க்கிறவர்கள் எழுப்பும் டப், டப் சத்தம். கம்பி சரியாக நிமிர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சுருக்கிப் போடுவார்கள். அந்தச் சத்தத்தைத்தான் மேனேஜர் தனக்குக் கைதட்டலாக எடுத்துக்கொண்டார் போல. நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தார்.

"மனுஷன் எதுக்கு வேலை செய்யறான்? சம்பளத்துக்கா? சம்பளம் கைக்குத்தான் போகும். அக்கறைதான் மனசுக்குப் போகும்! ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுல எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. உயிரைக் குடுத்து வேலை செய்வாங்க!"

மற்ற மேனேஜர்கள் தலையாட்டினார்கள். கேக் பெட்டியை ஏந்தி நின்ற மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். இது அவள் சமையலறையில் என்றோ சொன்னது. அப்போது அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். 'கேட்டுட்டு சும்மா வந்துடக் கூடாதுங்க. கேட்டா ஏதாவது செய்யணும். இல்லேன்னா கேக்காமலே இருக்கறது மரியாதை.' முதல் பாதியை மனப்பாடம் செய்தவருக்கு இரண்டாம் பாதி எப்படியோ தங்கவில்லை.

"எங்க கிளையில நல அலுவலர்னு தனியா ஒருத்தர் கிடையாது," என்று முடித்தார். "நான்தான் எல்லாம். இவங்க வீட்டுல அடுப்பு எரியுதா இல்லையான்னு எனக்குத் தெரியும்."

"பார்ப்போமே," என்றார் முதலாளியம்மா. கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

நடை ஆரம்பித்தது.

துணி வெட்டுகிறவர் முன் நின்றார். "பையன் அடுத்த தடவை பாஸ் பண்ணிடுவான், பாருங்க!" துணி வெட்டுகிறவர் குனிந்த தலை நிமிராமல், "ஆமாங்க சார்," என்றார். பேக்கிங் அம்மாவிடம், "பேத்தி எப்படி? பாட்டி ஜாடையா?" என்றார். அவள் வாய்க்குள் சிரித்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். கைப்பிடிப் பையன் கேக்கை வெட்டினான். ஒரு கிளை மேனேஜர் இன்னொருவர் காதில், "அசகாய சூரன்யா!" என்று முணுமுணுத்தார். முதலாளியம்மாவின் முகத்தில் வெயில் அடித்தது.

ஒன்றை மட்டும் மேனேஜர் கவனிக்கவில்லை. அவர் நகர நகர, பின்னால் ஒவ்வொருவராக வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி கவனித்தாள்.

முனைக்காரி பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. மேனேஜர் அவள் மேசையில் கையை ஊன்றிக் குனிந்து, குரலில் தேனைக் குழைத்தார்.

"என்னம்மா, அம்மா எப்படி இருக்காங்க?"

கடைசி மேசையில் டப், டப் நின்றது. ஒரு மெஷின், அடுத்த மெஷின், அதற்கடுத்தது என்று இரைச்சல் அடங்கிக்கொண்டே வந்தது.

முனைக்காரி எழுந்து நின்றாள். "இப்ப வலி இல்ல சார்."

"பார்த்தீங்களா!" மேனேஜர் கிளை மேனேஜர்கள் பக்கம் திரும்பினார். "இந்தம்மா போன வாரம் என்கிட்ட லீவு கேட்டு வந்தாங்க. நான் குடுக்கல. உனக்கு லீவு தேவையில்லம்மா, அக்கறைதான் தேவைன்னேன். கேக் குடுத்தேன். இன்னிக்கு வலியே இல்ல! ஏம்மா, கேக் சாப்பிட்டாங்களா?"

"இல்ல சார்."

"சாப்பிடச் சொல்லு. நல்லா தூங்கறாங்களா?"

"தூங்கறாங்க சார்."

"எங்கே வெச்சிருக்கே? வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்டது முதலாளியம்மா.

முனைக்காரி அவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை, நடுங்கவுமில்லை.

"மண்ணுலம்மா. நேத்து அடக்கம் பண்ணிட்டோம். இங்க இருக்கிற எல்லாரும் வந்திருந்தாங்க. சார் ஒருத்தரைத் தவிர."

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். விழவும் செய்தது. யாரோ ஒருத்தியின் கையிலிருந்து.

மேனேஜர் செய்த அடுத்த காரியம் யோசித்துச் செய்ததல்ல. இத்தனை காலம் பழகியது. சட்டென்று கழுத்தைத் திருப்பி மனைவியின் வாயைப் பார்த்தார். பாடம் மறந்த பிள்ளை டீச்சரைப் பார்ப்பது போல. அவள் கேக் பெட்டியின் மூடியைச் சரியாகப் பொருத்தி மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரையே பார்த்தாள். உதடு அசையவில்லை.

அந்தப் பார்வை போய் வந்த வழியை முதலாளியம்மாவும் பார்த்துவிட்டார். மேனேஜரை ஒரு தடவை. மனைவியை ஒரு தடவை. அப்புறம் கைத்தடி திரும்பியது.

"நான் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறேன்," என்றார்.

இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் இதுவரை யாருக்கும் எதுவும் சொல்லி அனுப்பியதில்லை. எல்லோருக்கும் தெரியும். முனைக்காரிக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மனசு வைத்து வேலை வாங்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள வந்தவர்கள், காரில் ஏறுவதில் காட்டிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

*

சாயங்காலம் வீட்டில் மேனேஜர் ஆடிய ஆட்டம் தெருக்கோடி வரை கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு! ஒரு சாவை மறந்துட்டியே! ஒரு வரி சொல்லியிருந்தா நானே போய் மாலை போட்டிருப்பேனே. முதலாளியம்மா முன்னாடி அதைச் சொல்லியே கூட்டத்தை அழ வெச்சிருப்பேனே!"

ஒரு பெண் அம்மாவை இழந்ததல்ல, தனக்கு ஒரு நல்ல காட்சி கை நழுவியதுதான் அவருக்கு ஆறவில்லை. அவள் தட்டை வைத்தாள். பரிமாறினாள். சாப்பிட்டார். தூங்கினார். அவருக்குத் தூக்கம் வந்தது.

மறுநாள் காலை, வழக்கம் போலக் கண்ணாடி முன் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். டை தோளில் தொங்கியது.

"ம், வா. நேத்திக்கு நடந்தது நடந்துபோச்சு. மன்னிச்சு விட்டுட்டேன். இன்னிக்கு ஒழுங்கா ஒண்ணு விடாம சொல்லு."

அவள் வந்தாள். டையைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றாள்.

"முனைக்காரி," என்று ஆரம்பித்தாள். "நீங்க லீவு குடுக்கல."

"முனைக்காரி. லீவு குடுக்கல," என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

"அதனால அவ இடத்துல வேற ஒருத்தி போய் அந்தம்மா பக்கத்துல உக்காந்தா. தினமும் பகல்ல. நீங்க கிளம்பினதும் போவா, நீங்க வர்றதுக்குள்ள ஓடி வந்துடுவா. அதான் உங்களுக்குச் சாப்பாடு லேட்டு."

"சாப்பாடு லே…"

திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்த வாய் பாதியில் நின்றது.

"சனிக்கிழமை மதியம் மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. முனைக்காரி போனை உங்க கேட்ல வாங்கி வெச்சுக்கறீங்க. அவளுக்குச் சொல்ல வேற வழியில்ல. உங்களுக்கு அடிச்சேன். அவளைக் கொஞ்சம் அனுப்புங்கன்னு சொல்லத்தான். கட் பண்ணிட்டீங்க. மறுபடி அடிச்சேன். மறுபடியும் கட் பண்ணீங்க. எதுக்கு அடிச்சேன்னு அன்னிக்கு ராத்திரி கூட நீங்க கேக்கல. ஊர்ல எல்லாரையும் கேக்கறவர்!"

"எனக்கு எப்படித் தெரி…"

"நேத்திக்கு நான் மறக்கல. ஞாயித்துக்கிழமை அடக்கம் முடிஞ்சு வர்றப்ப முனைக்காரி என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னா. 'சாருக்குச் சொல்லாதீங்கக்கா, அவரே வந்து என்னைக் கேக்கட்டும்'னு. ஃபேக்டரியே அதுக்குத்தான் வாயை மூடிட்டிருந்துது. இனிமே நானும் மூடிக்கறேன். இதுதான் கடைசிப் பாடம்."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை.

"அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியல. கையைத் தடவிப் பார்த்துட்டு என்னைத் தன் மகள்னு நினைச்சுட்டாங்க. 'லீவு குடுத்துட்டாங்களாடி?'ன்னு கேட்டாங்க. குடுத்துட்டாங்கம்மான்னு சொன்னேன். அவங்க முகத்துல வந்த நிம்மதி இருக்கே! 'உன் மேனேஜர் நல்லா இருக்கணும்'னாங்க. அதுக்கப்புறம் பேச்சு வரல."

அவள் டையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"எங்க, இதைத் திருப்பிச் சொல்லுங்க."